பூட்டு திண்டுக்கல்... சாவி வில்பட்டி! மலைவீட்டைக் குளிர்காலத்துக்கு மூடப் போன கதை

என் பெரியப்பா வீட்டைப் பூட்டினால், பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய், திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பார். திண்டுக்கல்காரர் ஆயிற்றே!

அப்படிப்பட்டவர் போன வருடம் ஏமாந்துபோனார். திருடனிடம் அல்ல, ஈரத்திடம்.

கொடைக்கானலில், வில்பட்டி போகும் வழியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்ன ஓட்டு வீடு இருக்கிறது. தாத்தா கட்டியது. கோடை லீவில் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் கூடுவோம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் யாரும் மேலே ஏறுவதில்லை. போன வருடம் தீபாவளி முடிந்ததும் கனமான பூட்டாகப் பார்த்து மாட்டிவிட்டு இறங்கினோம். மாசியில் போய்ப் பார்த்தபோது பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே சுவரெல்லாம் பூஞ்சை. மெத்தைக்குள் எலி. தாத்தா, பாட்டி கல்யாணப் போட்டோ ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டி, பாட்டியின் முகம் பாதி அழிந்திருந்தது. அவர்கள் கல்யாணத்துக்கு இருந்ததே அந்த ஒரு போட்டோதான்.

“வித்துரலாம்” என்றார் பெரியப்பா. யாரும் பதில் பேசவில்லை. கடைசியில் அப்பாதான், “இன்னும் ஒரு குளிரைப் பார்ப்போம்ணே” என்றார். அதனால் இந்த முறை ஒழுங்காக மூடிவிட்டு வருவதென்று பெரியப்பாவும் நானும் கிளம்பினோம்.

பூட்டுக்கடையில் ஒரு பாடம்

முதல் நிறுத்தம், திண்டுக்கல்லில் ஒரு பழைய பூட்டுக்கடை. கையால் ராவி ராவிச் செய்யும் எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு ஒன்றை எடுத்துக் காட்டிய கடைக்காரரிடம், பெரியப்பா போன வருடக் கதையைச் சொன்னார்.

“நம்ம பூட்டு திருடனைத் தடுக்கும்ணே. தண்ணியைத் தடுக்குமா? எண்ணெய் விட்டு, மேல சைக்கிள் டியூப் துண்டைத் தொங்க விடுங்க. ஆனா பூட்டியே வெச்சிருந்தா எந்தப் பூட்டும் துருப்பிடிக்கும். அப்பப்ப சாவி போட்டுத் திருப்பணும்.”

“நான் இங்க இருக்கேன். அங்க யாரு திருப்புறது?”

“அங்க இருக்கறவங்ககிட்ட சாவியைக் குடுங்கண்ணே.”

பெரியப்பா பணத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வண்டியில் ஏறினார்.

செம்பட்டி, வத்தலக்குண்டு வரை வெயில். காமக்காபட்டி சோதனைச் சாவடியில் இ-பாஸைக் காட்டிவிட்டு மலை ஏறினால், பெருமாள்மலையில் ஸ்வெட்டர் தேவைப்பட்டது. மழைக்காலம் என்பதால் வெள்ளி நீர்வீழ்ச்சி நிறைந்து கொட்டியது. செல்ஃபி எடுக்கத்தான் ஆள் இல்லை.

கொடைக்கானலே இப்படி வந்து போகிறவர்களால் உருவான ஊர்தான். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள், வெயிலுக்கும் நோய்க்கும் பயந்து 1845-ல் இங்கே இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். அதுதான் தொடக்கம். ஏறி வந்தவர்கள் இறங்கிப் போன பின்னும், மலையில் குளிர் இருந்தது. அதில் வாழ்கிறவர்களும் இருந்தார்கள்.

என்னென்ன செய்தோம்?

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் குளிர்காலத்துக்கு வீட்டை மூடுவோர் முதலில் குழாயில் இருக்கும் தண்ணீரை வடித்துவிடுவார்கள். தண்ணீர் உறைந்தால் விரிந்து குழாயையே வெடிக்க வைத்துவிடும். கொடைக்கானலில் மார்கழி, தையில் புல்வெளி மேல் உறைபனி படர்வதோடு சரி. இங்கே வீட்டைக் கெடுப்பது ஈரம்.

நாங்கள் ஓட்டில் இருந்து ஆரம்பித்தோம். கூரைத் தண்ணீர் இறங்கும் தகர வாய்க்கால் முழுக்க யூகலிப்டஸ் சருகு. போன வருடம் தண்ணீர் போக வழியில்லாமல் சுவரில் இறங்கியது அதனால்தான். இரண்டு சாக்கு சருகு அள்ளினோம்.

மெத்தைகளைச் சுவரில் படாமல் நிமிர்த்தி வைத்தோம். பீரோ கதவுகளை லேசாகத் திறந்துவிட்டு, உள்ளே கிண்ணங்களில் அடுப்புக்கரி வைத்தோம். அது ஈரத்தை இழுக்கும். ஃபிரிட்ஜைக் காலிசெய்து துடைத்து, கதவு மூடாமல் இருக்கத் துணியைச் சுருட்டிச் செருகினோம். அரிசி, பருப்பு ஒரு மணிகூட மிச்சம் வைக்கவில்லை. சாப்பாடு இல்லாத வீட்டில் எலிக்கு என்ன வேலை? மேல்தொட்டியை வடித்து, சிலிண்டரையும் மெயின் சுவிட்சையும் அணைத்தோம். கம்பளிகளை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றினோம். திண்டுக்கல் வெயில் அவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டு ஆச்சி

நாங்கள் வேலை செய்வதைப் பார்த்து, பக்கத்து வீட்டு ஆச்சி கறுப்புக் காபியோடு வந்தார். சீசனில் தங்கும் விடுதி ஒன்றில் பெருக்கித் துடைக்கிற வேலை அவருக்கு.

“எல்லாம் சரிதான் தம்பி. சன்னலை யாரு திறப்பா? காத்து வராட்டி வீடு புழுங்கிப் போயிரும்ல?”

பெரியப்பா தயங்கினார். ஆச்சி சிரித்தார். “கஜாப் புயல்ல உங்க வீட்டு ஓடு பறந்துச்சே, ஞாபகம் இருக்கா? எம் மகந்தான் மேல ஏறித் தார்ப்பாய் போட்டான். அப்புறம் எங்க வீட்டுல கெடந்த ஓட்டை எடுத்து வெச்சான்.”

ஞாபகம் இருக்கவில்லை. எங்களுக்குத் தெரியவே தெரியாது. 2018 நவம்பரில் கஜா இந்த மலையில் மரங்களைச் சாய்த்துப் போட்டபோது நாங்கள் கீழே டி.வி-யில் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு மாதம் கழித்து வந்தபோது, ‘நம்ம வீடு தப்பிச்சிருச்சு’ என்று சாமிக்குத் தேங்காய் உடைத்தோம்.

“ஏக்கா அப்பவே சொல்லல?”

“நீங்க கேக்கலையே தம்பி.”

பெரியப்பா கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இப்ப வேலை இருக்காக்கா?” என்று கேட்டார்.

“சீசன் முடிஞ்சா எங்களுக்கு ஏது வேலை? கெடைச்சா தோட்ட வேலைதான். மழையில அதுவும் இல்ல.”

நமக்கு ஆஃப் சீசன் என்றால் விடுமுறை முடிந்தது என்று அர்த்தம். அவர்களுக்கு வருமானம் முடிந்தது என்று அர்த்தம். எத்தனையோ முறை இங்கே வந்திருக்கிறேன். அன்றுதான் எனக்கு அது உறைத்தது.

புதுப் பூட்டோடு இரண்டு சாவிகள் வந்திருந்தன. ஒன்றை ஆச்சியிடம் கொடுத்தார் பெரியப்பா. வாரத்துக்கு இரண்டு நாள் வெயில் அடிக்கும் நேரத்தில் சன்னல்களைத் திறக்க வேண்டும், மழை பெய்த மறுநாள் சுவரைப் பார்க்க வேண்டும். பங்குனி வரை மாதச் சம்பளம். கார்த்திகைச் சம்பளத்தை அப்போதே கொடுத்தார். கஜாவில் போட்ட ஓட்டுக்கும் பணம் எடுத்தார், ஆச்சி வாங்கவில்லை.

உங்களுக்கும் மலையில் வீடு இருந்தால், இல்லை சொந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு இருந்தால், கரி, எண்ணெய் எல்லாம் வாங்குங்கள். கூடவே, அந்த வீட்டைத் தினமும் பார்த்துக்கொண்டு போகிறவர் யார் என்று யோசியுங்கள். அவருக்கு ஒரு சாவி, ஒரு சம்பளம்.

போன ஞாயிறு ஆச்சியின் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். சன்னல்கள் திறந்திருக்கின்றன. தரையில் வெயில் விழுந்திருக்கிறது. பெரியப்பா அதை விரலால் பெரிதாக்கிச் சுவரின் நான்கு மூலையையும் பார்த்தார். பிறகு குடும்ப குரூப்பில் போட்டார். வீட்டை விற்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.