மல்லிக் பஜாரில் ஒரு ‘டொக்’

வருவதும் மறைவதுமாக ஆட்டம் காட்டிய ஒரு சத்தத்தைத் தேடி, கொல்கத்தாவின் பழைய கார் சந்தையில் ஒரு பகல்

அந்தச் சத்தம் முதன்முதலில் கேட்டது ஹௌரா ஸ்டேஷனிலிருந்து டாலிகஞ்ச் போகும் வழியில். அம்பாசடர் டாக்சியின் பின் இருக்கையில் மூன்று பேர், முன்னால் ஒருவர், டிக்கி நிறையப் பெட்டிகள். சாலையில் புதைந்து கிடந்த டிராம் தண்டவாளத்தை வண்டி தாண்டியபோது, இருக்கைக்கு அடியில் யாரோ சுத்தியலால் தட்டியதுபோல் ‘டொக்’. அடுத்த தண்டவாளத்தில் இன்னொரு ‘டொக்’. “சக்கரம் ஏதாவது கழன்றுவிடப் போகிறது, பார்த்துப்பா” என்றார் முன்னால் இருந்தவர். ஓட்டுநர் சிரித்து மழுப்பினார். சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே தண்டவாளத்தில் வேண்டுமென்றே ஏற்றி இறக்கினார். சத்தமே இல்லை.

பீகாரிலிருந்து வந்து பல ஆண்டுகளாகக் கொல்கத்தாவில் டாக்சி ஓட்டும் அவருக்கு அடுத்த மூன்று வாரங்கள் சோதனைக் காலம். ஒரு மெக்கானிக் பின்புற ஷாக் அப்சார்பர்களை மாற்றினார். இன்னொருவர் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸை மாற்றினார். இரண்டு முறையும் பணம் போனது; சத்தம் போகவில்லை. வண்டியின் முதலாளிக்குப் பொறுமையும் போய்விட்டது. “இன்னொரு பில் கொண்டுவந்தால் வண்டி நேரே காயலான் கடைக்குத்தான்” என்று சொல்லிவிட்டார். வண்டி போனால் ஓட்டுநரின் பிழைப்பும் போகும்.

அப்படித்தான் ஒரு காலையில் அந்த டாக்சி மல்லிக் பஜாருக்கு வந்து சேர்ந்தது.

பார்க் ஸ்ட்ரீட்டும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் முனையில் இருக்கிறது மல்லிக் பஜார். பக்கத்திலேயே 1767ல் திறக்கப்பட்ட பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம். அங்கே மனிதர்களுக்கு என்றால், இங்கே கார்களுக்கு. ஒரு வித்தியாசம், இங்கே புதைப்பதில்லை, பிரித்து விற்கிறார்கள். கதவுகள், கியர் பெட்டிகள், ஸ்டியரிங் சக்கரங்கள், எந்த வண்டியுடையது என்று விற்பவருக்கு மட்டுமே தெரிந்த இரும்புத் துண்டுகள் எல்லாம் நடைபாதைவரை வழிகின்றன. மண் குவளையில் தேநீர், காற்றில் கிரீஸ் வாசனை, எங்கோ தகரத்தை நிமிர்த்தும் சம்மட்டிச் சத்தம்.

இந்தச் சந்தைக்கு அம்பாசடர் வேற்று வண்டி அல்ல. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், உத்தர்பாராவில் பிறந்தது அது. தொழிற்சாலையை ஒட்டிய ரயில் நிலையத்துக்கே ஹிந்த்மோட்டார் என்றுதான் பெயர். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டு 1950களின் இறுதியில் தொடங்கிய உற்பத்தி, 2014 மே மாதத்தில் நின்றது. வாடகை வண்டிகள் 15 ஆண்டுகளுக்கு மேல் கொல்கத்தாவில் ஓடக் கூடாது என்பது நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து வந்த விதி. கணக்கு எளிது. கடைசியாக வெளிவந்த அம்பாசடர் டாக்சிக்கும் 2029க்கு மேல் வாழ்வில்லை. இந்த ஓட்டுநரின் வண்டி பதிவானது 2013ல். எனவே அதன் கெடு 2028.

சந்துக்குள் இருக்கும் பட்டறையின் மிஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஓட்டுநர் சாவியை நீட்டினார். மிஸ்திரி வாங்கவில்லை. ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“சாச்சா, ஒரு தடவை ஓட்டிப் பாருங்களேன்.”

“ஓட்டிப் பார்த்தவர்கள்தான் இரண்டு பேர் இருக்கிறார்களே, பேட்டா. சத்தம் எப்போது வருகிறது என்று பிறகு கேட்கிறேன். எப்போது வருவதில்லை, அதைச் சொல்.”

ஓட்டுநர் யோசித்தார். காலையில் வண்டியை எடுத்ததும் வருவதில்லை. தனியாக ஓட்டும்போது வருவதில்லை. மழை பெய்த ஒரு நாள் முழுக்கவே வரவில்லை.

அதன் பிறகு நடந்தது கிட்டத்தட்ட ஒரு குறுக்கு விசாரணை. வண்டியை நிறுத்தி ஆக்சிலேட்டரை மிதித்தால் கேட்கிறதா? இல்லை. அப்படியானால் எஞ்சின் அல்ல. வேகம் ஏற ஏற ரீங்காரம் கூடுகிறதா, வளைவில் திரும்பும்போது மாறுகிறதா? இல்லை. சக்கர பேரிங் என்றால் அப்படித்தான் பாடும். நின்ற வண்டி கிளம்பும்போதோ கியர் மாற்றும்போதோ தட்டுகிறதா? இல்லை. புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் தேய்ந்திருந்தால் அங்கேதான் தட்டும். ஆக, அதை மாற்றியது வீண். பிரேக்கை மிதித்தால் நிற்கிறதா? அதுவும் இல்லை. ஷாக் அப்சார்பர் என்றால் வண்டி சூடாக இருந்தாலும் குளிர்ந்திருந்தாலும் ஒரே மாதிரிதான் சத்தம் கேட்கும்.

விரல்விட்டு எண்ணியதில் மிஞ்சியவை மூன்று: சூடு, சுமை, மேடு. மூன்றும் ஒன்றுசேர்ந்தால் சத்தம். ஒன்று குறைந்தாலும் மௌனம்.

முந்தைய மெக்கானிக்குகள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல என்பது இப்போது புரிகிறது. பட்டறைக்கு வண்டி வருவது காலையில், ஆறிய எஞ்சினோடு, ஆள் இல்லாமல். எந்த நிலையில் சத்தம் ஒளிந்துகொள்ளுமோ அதே நிலையில் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, அனுமானத்தில் பாகங்களை மாற்றியிருக்கிறார்கள். விட்டுவிட்டு வரும் காய்ச்சல்காரர் டாக்டரிடம் போகும்போது மட்டும் உடம்பு ஜில்லென்று இருப்பதில்லையா, அதுபோல.

வண்டியின் பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, கனமான மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்துவிட்டு மிஸ்திரி அடியில் நுழைந்தார். பட்டறைப் பையன் டார்ச் பிடித்தான். சைலன்சரிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய் பின்புற ஆக்ஸிலுக்கு மேலே வளைந்து செல்லும் இடத்தில் அவர் கை நின்றது. குழாயைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பர் தொய்ந்திருந்தது. ஆனாலும் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

“இடிக்கவில்லையே” என்றான் பையன்.

“இப்போது இடிக்காது” என்றார் மிஸ்திரி. சாக்குக் கட்டி ஒன்றை வாங்கி ஆக்ஸிலின் மேல்பக்கம் முழுவதும் வெள்ளையாகத் தேய்த்தார். பிறகு தேநீர்க் கடையில் இருந்த நான்கு பேரைக் கூப்பிட்டார். இலவச டாக்சி சவாரி என்றதும் நான்கு பேரும் சந்தோஷமாக ஏறிக்கொண்டார்கள். டிக்கியில் இரண்டு பழைய கியர் பெட்டிகள்.

முக்கால் மணி நேரம் வண்டி எங்கெங்கோ சுற்றியது. வழியில் வந்த பள்ளம் மேடுகளில் சத்தம் இல்லை. சவாரிக்காரர்கள் அலுத்துப்போனார்கள். “இன்றைக்கும் ஏமாற்றிவிட்டது” என்றார் ஓட்டுநர். மிஸ்திரி பேசவில்லை. நோனாபுகுர் டிராம் பணிமனைப் பக்கம் திரும்பச் சொன்னார். அங்கே தண்டவாளத்தில் பின்சக்கரம் ஏறி இறங்கியதும், ‘டொக்’.

மூன்று வாரமாகப் பயமுறுத்திய சத்தம் அது. அன்று அதைக் கேட்டு ஓட்டுநர் கைதட்டாத குறைதான்.

பட்டறைக்குத் திரும்பி டார்ச் அடித்துப் பார்த்தபோது சாட்சி தயாராக இருந்தது. சாக்குப் பூச்சில் ஓரிடம் மட்டும் சுத்தமாக அழிந்திருந்தது. அதற்கு நேர் மேலே, துருப்பிடித்த குழாயின் அடிப்பக்கத்தில், நாலணாக் காசு அளவுக்கு இரும்பு பளபளத்தது.

விளக்கம் பள்ளிக்கூட விஞ்ஞானம்தான். இரும்பு சூடேறினால் நீளும். மூன்று மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய் 200 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். வளைவின் இடம் அந்த அளவுக்கு நகரும். நைந்த ரப்பரும் சூட்டில் இளகிக் குழாயை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கும். ஆள் ஏறினால் பின்புற ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி, உடல் கீழே வரும். மீதமிருக்கும் சிறு இடைவெளியைத் தண்டவாளத்தின் மேடு முடித்துவைக்கும். மழை நாளில் சாலைத் தண்ணீர் குழாயைக் குளிரவைத்துக்கொண்டே இருந்ததால் அன்று வண்டி வாய் திறக்கவில்லை. சக்கரம் கழன்று விழும் ஆபத்தும் இதில் இல்லை.

கார் நிறுவனங்கள் இத்தகைய சத்தங்களைத் தேட எதிரொலி இல்லாத அறைகள் வைத்திருக்கின்றன. சந்தேகப்படும் பாகங்களில் சின்ன மைக்குகளைக் கவ்வவைத்து, வண்டியை ஓட்டியபடியே ஒவ்வொன்றாகக் கேட்கும் கருவிகளும் இருக்கின்றன. புதிய கார்களில் ஸ்கேனரைச் செருகினால் எஞ்சினின் குறைகள் திரையில் வரிசையாக வரும். ஆனால் தொய்ந்த ரப்பர் எந்தக் கம்ப்யூட்டருக்கும் தகவல் அனுப்புவதில்லை. மல்லிக் பஜாரின் கருவி, மர வாலுள்ள ஒரு நீள ஸ்க்ரூடிரைவர். ஓடும் எஞ்சினில் அதன் நுனியை வைத்து, வாலைக் காதோடு சேர்த்தால் அதுவே ஸ்டெதாஸ்கோப்.

பழைய டயரிலிருந்து ஒரு துண்டை அறுத்து, இரண்டு ஓட்டை போட்டு, குழாயைத் தூக்கிக் கட்ட இருபது நிமிடம் ஆனது. மிஸ்திரி கேட்ட கூலி, ஷாக் அப்சார்பர்களுக்குச் செலவானதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. ஓட்டுநர் அதிகமாகக் கொடுக்க, அவர் எண்ணிப் பார்த்து மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

“2028க்குப் பிறகு?” என்ற கேள்வி அங்கே யாருக்கும் புதிதல்ல. ஊருக்குத் திரும்புவதா, வேறு யாருடைய சின்னக் காரையாவது ஓட்டுவதா என்று ஓட்டுநர் இன்னும் முடிவு செய்யவில்லை. “அதுவரைக்கும் முதலாளி வாயைத் திறக்க மாட்டார், அது போதும்” என்கிறார்.

அவர் கிளம்பிய சற்று நேரத்தில், பளபளக்கும் புதிய கார் ஒன்று சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. உள்ளே எங்கோ கிறீச் கிறீச்சென்று சத்தம் கேட்கிறதாம், நேற்றைக்கு இருந்தது, இன்றைக்கு இல்லையாம். சாவியை நீட்டினார் கார்க்காரர். மிஸ்திரி தலை நிமிர்வதற்குள் பையன் ஸ்டூலை எடுத்துப் போட்டான்.

“உட்காருங்க சாப். எப்போது சத்தம் வருவதில்லை?”