குண்டசாலையின் பீப்பாய்த் தோட்டங்கள்

கண்டி மாநகரிலிருந்து கிழக்கே செல்லும் வீதி, தென்னக்கும்புரைப் பாலத்தின் வழியே மகாவலி கங்கையைக் கடந்து குண்டசாலையை அடைகிறது. கண்டியின் கடைசிச் சிங்கள மன்னனாகிய வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் (1707–1739) விரும்பி உறைந்த ஊர் இது. 'குண்டசாலை மன்னன்' என்றே அவனை மக்கள் அழைத்தனர். அவனுக்குப் பின் அரியணை ஏறியவன், மதுரையிலிருந்து வந்த அரசியின் உடன்பிறந்தான். இன்று இவ்வூருக்குப் பெருமை தருவது இங்குள்ள விவசாயப் பாடசாலை.

இவ்வூர் வளவுகளைச் சுற்றிப் பார்த்தோம். பலாவும் கமுகும், மிளகுக்கொடி படர்ந்த மரங்களும் அடர்ந்து நிற்கின்றன. கண்ணுக்குக் குளிர்ச்சியே, ஆயின் அந்நிழலில் தக்காளியும் கத்தரியும் காய்ப்பதில்லை. அவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். மரத்தை வெட்டாமல் வெயிலைப் பெறுவது எவ்வாறு? வெயில் விழும் முற்றத்துக்குத் தோட்டத்தையே கொண்டு செல்லவேண்டும். பழைய பீப்பாயும் உரப்பையும் உதவுவது இவ்விடத்திலேதான்.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. மறு ஆண்டில் பொருளாதார நெருக்கடி முற்றிக் காய்கறி விலை ஏறியது. வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கியதும் அவ்வாண்டிலேதான். நிலமற்றோர் என் செய்வர்? அவர்களுக்கும் ஒரு பீப்பாய் போதும்.

இருநூறு லீற்றர் பீப்பாயைக் குறுக்கே அறுத்தால் இரண்டு தொட்டிகள் கிடைக்கும். அடியில் விரலளவு துவாரங்கள் பல இட்டு, மேல்மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்பவேண்டும். ஒரு தொட்டியில் இரண்டு கத்தரிச் செடிகள் செழிக்கும். ஓரத்தில் கீரையும் விதைக்கலாம். உரப்பையில் இஞ்சி நன்கு விளையும்.

மூன்று எச்சரிக்கைகள் உள. கிருமிநாசினியோ எண்ணெயோ இருந்த பீப்பாயைத் தொடவே கூடாது. நனைந்த மண் நிறைந்த தொட்டி நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். ஆகவே மாடியில் வைப்போர் தளத்தின் வலிமையை அறிந்து வைக்கவேண்டும். மூன்றாவது, யாவற்றினும் முக்கியமானது. துவாரம் அடைபட்டு நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறையேனும் துவாரங்களைக் குத்தித் திறந்துவிடவேண்டும்.

வேலியோரம் வெறுமனே கிடந்து மழைநீரை ஏந்தும் பீப்பாய் நோயை வளர்க்கும். துளையிட்டு மண் நிரப்பிய அதே பீப்பாய் குடும்பத்துக்குக் கறி தரும். மாணவச் செல்வங்கள் இவ்விடுமுறையில் வளவைச் சுற்றி வந்து, எத்தனை பாத்திரங்கள் அவ்வாறு கிடக்கின்றன என எண்ணிப் பார்ப்பார்களாக.