துவோல் ஸ்லெங்: பட்டியலில் இருந்த பெயர்கள்

கம்போடியத் தலைநகர் நோம்பென்னின் 113-ஆம் தெருவில் டுக்டுக் நின்றது. இரண்டு டாலர் வாங்கிக்கொண்ட ஓட்டுநர், முள்கம்பி சுற்றிய மதிலைக் காட்டி, "உள்ளே செத்தது இருபதாயிரம் பேர்" என்றார். நுழைவுச்சீட்டு வெளிநாட்டவருக்கு 5 டாலர்.

உள்ளே போனால் அச்சு அசலாக ஒரு பள்ளிக்கூடம். நீள வராந்தா, வரிசையாக வகுப்பறைகள். போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் ஆட்சியில் இந்தத் துவோல் ஸ்லெங்தான் எஸ்-21 சிறை. முதல் கட்டடத்து அறையில் ஒரு இரும்புக் கட்டில், அதன்மேல் கால்விலங்கு. தரையில் மஞ்சளும் வெள்ளையுமாக ஓடு. 1979 ஜனவரியில் வியட்நாம் படை வந்தபோது அறைகளில் கிடந்த உடல்களின் படங்களைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வெளியே 14 வெள்ளைக் கல்லறைகள்.

அடுத்த கட்டடத்தில் சுவர் முழுக்க முகங்கள். கொண்டுவந்த அன்றே படம் எடுத்து எண் போட்டிருக்கிறார்கள். சட்டையில்லாத ஒரு பையனுக்கு எண் அட்டையை மார்புத் தோலிலேயே ஊக்கால் குத்தியிருக்கிறார்கள். அவன் நேராகக் கேமராவைப் பார்க்கிறான். அவனைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை.

மூன்றாவது கட்டடத்தில் வகுப்பறைக்குள்ளேயே செங்கல் வைத்துத் தடுத்த கொட்டடிகள். மட்டம் பார்க்காமல் அவசரமாக எழுப்பிய சுவர். கலவை பிதுங்கிக் காய்ந்திருக்கிறது. ஒன்றுக்குள் நின்று கையை விரித்தேன். பாதி விரிவதற்குள் இரண்டு பக்கமும் இடித்தது. வராந்தாவை மூடி முள்கம்பி வலை, கைதிகள் மாடியிலிருந்து குதித்துச் செத்துவிடக் கூடாதென்று. எப்போது சாக வேண்டும் என்பதையும் சிறையே முடிவு செய்தது.

கடைசிக் கட்டடத்தில் வான் நாத்தின் ஓவியங்கள். ஓவியர் என்பதால் உயிரோடு விடப்பட்ட கைதி அவர். சிறைத் தலைவர் மீதான வழக்கில் 2009-இல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்.

ஓட்டுநர் சொன்ன எண்ணிக்கை மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பதினான்காயிரம் என்பாரும் உண்டு. ஐ.நா. துணையோடு அமைந்த கம்போடிய நீதிமன்றம் 2010-இல் எழுதியது: கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 12,272. ஆவணத்தால் நிறுவ முடிந்தவர்களை மட்டுமே அது கணக்கில் எடுத்தது. அந்த ஆவணங்களை எழுதி வைத்ததும் கொன்றவர்கள்தான்: பெயர்ப் பட்டியல், புகைப்படம், அடித்து வாங்கிய வாக்குமூலம், அதன் ஓரத்தில் சிறைத் தலைவர் டூச் எழுதிய குறிப்புகள். முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர் அவர். அந்தத் தாள்களே அவருக்கு எதிராக நின்றன. முதலில் 35 ஆண்டு சிறை. 2012-இல் மேல்முறையீட்டில் ஆயுள். 2020-இல் சிறைவாசத்திலேயே இறந்தார்.

2006-இல் பணி தொடங்கிய அந்த நீதிமன்றம் 2022-இல் கடைசித் தீர்ப்பைச் சொல்லி முடித்தபோது, தண்டனை பெற்றவர்கள் மொத்தம் மூன்றே பேர். போல் பாட் 1998-லேயே இறந்துவிட்டார். இது போதாது, யார் சொன்னாலும் போதாது. ஆனால் இந்த மூன்று பேரையாவது தண்டிக்க முடிந்ததற்கு, 1979-இல் இந்தத் தாள்களைக் குப்பையில் போடாமல் அடுக்கி வைத்தவர்களும் காரணம். இன்று போர் நடக்கும் ஊர்களில் பெயரும் தேதியும் குறித்து வைப்பவர்கள் செய்வதும் அதே வேலைதான். நீதிமன்றம் முப்பது வருடம் கழித்து வரலாம். வரும்போது அது கேட்பது ஆதாரத்தை.