எறும்பு ஊரும் நோட்டு

கிடார் வாசிக்கத் தெரியும் என்று யாராவது மார்தட்டினால், அவர் முன்னால் ஒரு ஸ்டாஃப் நோட்டேஷன் காகிதத்தை நீட்டிப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு உடனே தண்ணீர் தாகம் எடுக்கும். மிச்சம் இரண்டு பேருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிடும்.

சாத்தான்குளத்தில் கிடாரெல்லாம் உண்டா என்று கேட்காதீர்கள். பனைமரத்துக்கும் சர்ச்சுக்கும் பஞ்சமில்லாத பக்கம் எங்கள் பக்கம். கிறிஸ்துமஸ் நெருங்கினால் தெருவுக்கு ஒரு கிடார் பரணிலிருந்து இறங்கும். எல்லாம் காதால் கேட்டு வாசிக்கிற கோஷ்டி. "ஜி மேஜர் பிடிடே" என்றால் பிடிப்போம், "விடுடே" என்றால் விடுவோம். நானும் பதினைந்து வருஷமாகப் பகலில் கிளார்க், சாயங்காலம் இந்தக் கோஷ்டி. காகிதத்துக்கு வேலையே வரவில்லை.

வேலை வைத்தவர் அடுத்த தெரு ரிட்டயர்டு வாத்தியார். எண்பது வயசு. நாற்பது வருஷம் சர்ச்சில் வயலின் வாசித்தவர். இப்போது கை நடுக்கம். டம்ளரைப் பிடித்தால் காப்பியே தாளம் போடும். ஒருநாள் கூப்பிட்டு ஒரு நீள நோட்டைக் கையில் கொடுத்தார். அத்தனையும் அவரே போட்ட மெட்டுகள். மொத்தம் முப்பத்தெட்டு. ஐந்தைந்து கோடாகக் கிழித்து, அதன்மேல் மசியால் எழுதியிருந்தார். எனக்கோ கருப்பட்டியை மோப்பம் பிடித்து எறும்பு ஊர்கிற மாதிரி தெரிந்தது.

"ஏ தம்பி, கிடார் வச்சிருக்கியே... இத வாசிச்சுக் காட்டுடே."

"ஒரு தடவ பாடிக் காட்டுங்க சார். பிடிச்சுக்கிடுதேன்."

"பாட மாட்டேன். நான் பாடினா நீ என்னையக் கேட்டுல்லா வாசிப்ப? நான் போன பொறவு யாரு வந்து பாடிக் காட்டுவா? நோட்டு தானாப் பேசுதான்னு பாக்கணும்லா."

அவர் பிள்ளைகள் வெளியூரில். யாருக்கும் சங்கீதம் கிடையாது. அந்த நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போனால் கிலோவுக்கு எவ்வளவு தேறும் என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது, கிடாரில் நோட்டேஷன் படிப்பதற்கு மட்டும் ஒரு தனி வில்லங்கம் இருக்கிறது என்று. பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே ஒரு கட்டைதான். காகிதத்தில் பார்த்தாயா, அங்கே அழுத்து, அவ்வளவுதான். கிடாரில் முதல் கம்பியைச் சும்மா மீட்டினால் 'ஈ' வரும். அதே 'ஈ' இரண்டாவது கம்பியில் ஐந்தாவது கட்டத்திலும் இருக்கிறது. மூன்றாவது கம்பியில் ஒன்பது, நான்காவதில் பதினான்கு, ஐந்தாவதில் பத்தொன்பது. ஒரே ஆள், ஐந்து விலாசம்! போஸ்ட்மேன் என்ன செய்வார்? அதனால்தான் பல கிடார்க்காரர்கள் இந்தப் பக்கமே வருவதில்லை. விரலை எந்தக் கட்டத்தில் வைக்க வேண்டும் என்று நம்பர் போட்டுச் சொல்கிற 'டேப்' முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இது என்ன புதுக் கவலையா? இல்லை சார். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே எங்கள் ஜில்லாவில் ஒருவர் இதே கவலை பட்டிருக்கிறார். எட்டயபுரம் என்றால் நமக்கு பாரதியார். முத்துசாமி தீட்சிதர் 1835-ல் கடைசி மூச்சு விட்டதும் அங்கேதான். அவருடைய கீர்த்தனைகள் பிறகு குடும்பத்தாரும் சிஷ்யர்களும் பாடிப் பாடித்தான் தங்கின. அந்த வம்சத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான். அவரைத் தேடிப்போனவர் சின்னசாமி முதலியார் என்று ஒரு கிறிஸ்தவர். 1893-ல் நம் கர்நாடக சங்கீத உருப்படிகளை மேற்கத்திய ஐந்து கோட்டில் எழுதிப் புஸ்தகமாகவே போட்ட மனுஷர். 'உங்களிடம் இருப்பதெல்லாம் உங்களோடு போகக்கூடாது, எழுதுங்கள்' என்று அவர் தூண்டியதன் பலன், 1904-ல் எட்டயபுரத்திலேயே அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. தெலுங்கு எழுத்தில், கமகங்களுக்குத் தனித்தனி அடையாளம் போட்டு எழுதியது. இன்றைக்கு யாராவது மேடையில் தீட்சிதர் கீர்த்தனையின் பாடபேதம் பற்றிச் சண்டை போட்டால், சாட்சிக்கு வருவது அந்தப் புஸ்தகம்தான்.

நம் காலத்துக்கு வந்தால் இளையராஜா. 1968-ல் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் இந்த ஐந்து கோட்டு வித்தையைக் கற்றுக்கொண்டார். ஸ்டுடியோவில் அவர் எழுதித் தந்த காகிதத்தை முதன்முதலாகப் பார்த்து வாசித்த வயலின்காரர்கள் ஒரு பட்டாளமே உண்டு. 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மானிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. வாசிக்கிறவருக்குப் பண்ணைப்புரம் எங்கே இருக்கிறது என்றே தெரிய வேண்டியதில்லை. காகிதம் சொல்லிவிடுகிறது.

சரி, எப்படிக் கற்றுக்கொண்டேன்? ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பாடு முடிந்து இருபது நிமிஷம். அதற்கு மேல் உட்கார்ந்தால் வீட்டில் சமாதானம் இருக்காது.

முதல் ஒரு மாசம் கிடாரைத் தொடவில்லை. தாளம் மட்டும். முழு நோட்டு நாலு எண்ணிக்கை, அரை நோட்டு இரண்டு, கால் நோட்டு ஒன்று. காகிதத்தைப் பார்த்துக் கை தட்ட வேண்டும், அவ்வளவுதான். "கொசு ஒண்ணாவது செத்துதா?" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். பொருட்படுத்தக்கூடாது.

அப்புறம் கோடுகள். கீழிருந்து மேலே ஈ, ஜி, பி, டி, எஃப். நடுவே உள்ள இடைவெளிகளில் எஃப், ஏ, சி, ஈ. மனப்பாடம் செய்ய ஒரு ராத்திரி போதும். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் சொல்லிக்கொண்டே வாசித்தால் விடிந்துவிடும். திருநெல்வேலி பஸ்ஸில் போகிற நாம் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் போர்டைப் படித்துக்கொண்டா போகிறோம்? 'அடுத்த ஸ்டாப்', 'அதுக்கு அடுத்தது' என்றுதானே கணக்கு? அதேதான். புள்ளி கோட்டிலிருந்து பக்கத்து இடைவெளிக்குப் போனால் ஒரு படி. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவில் ஒன்றைத் தாண்டுகிறது. பெயரை விட்டுவிட்டு ஏற்ற இறக்கத்தைப் பார்க்க ஆரம்பித்த அன்றைக்கு எறும்புகள் வரிசையில் நின்றன.

ஐந்து விலாசத் தகராறுக்கு ஒரே வழி, ஆரம்பத்தில் முதல் நான்கு கட்டங்களைத் தாண்டாமல் இருப்பது. அங்கே ஏறக்குறைய எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே வீடுதான்.

மிச்சம் இரண்டு விதிகள். ஒன்று, விரலைப் பார்க்கக்கூடாது. நாசரேத் ரோட்டில் டி.வி.எஸ். ஃபிஃப்டி ஓட்டுகிறவர் ஹேண்டில்பாரையா பார்க்கிறார்? கண் எப்போதும் வாசிக்கிற இடத்துக்கு ஒரு எட்டு முன்னால் இருக்க வேண்டும். இரண்டு, நிற்கக்கூடாது. ஒரு ஸ்வரம் விட்டுப்போனால் போகட்டும், தாளம் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரே பக்கத்தை மூன்றாம் தடவை வாசித்தால் அது படிப்பதல்ல, ஞாபகம். தினம் புதுப் பக்கம் வேண்டும். புதுசு தீர்ந்துபோன நாட்களில் பழைய பாட்டுப் புஸ்தகத்தைத் தலைகீழாக வைத்து வாசித்தேன். பீத்தோவன் மன்னிப்பாராக.

எட்டு மாசம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முதலூர் மஸ்கோத் அல்வா கால் கிலோவோடும் கிடாரோடும் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். நோட்டில் ஏழாவது மெட்டு. அதுவரை திறந்தே பார்க்காத பக்கம். அவரே பிரித்து வைத்தார். காதில் மெஷினைச் சரிசெய்துகொண்டார்.

வாசித்தேன். நிதானமாகத்தான். மூன்று நிமிஷம்கூட இருக்காது. வயலினுக்கு எழுதியதைக் கிடாரில் வாசித்தால் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும்.

"ஆம்பளக் குரல்ல பாடுது" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் அல்வாப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணாவது வரி இன்னொரு தடவ வாசி."

வாசித்தேன்.

"சரியாத்தான் வாசிக்க. நான்தான் அன்னைக்கு அவசரப்பட்டுட்டேன். அந்தக் கடைசி நோட்டு கீழ எறங்கப்பிடாதுடே. மேல போயி நிக்கணும்." சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். காகிதத்தில் முனை வைத்தார். முனை நிற்கவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீ எழுது. நாலாவது கோடு. அரை நோட்டு. குச்சி கீழ பாத்து இருக்கணும்."

எழுதினேன். இன்னும் முப்பத்தேழு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று பேச்சு. சாத்தான்குளம் கடைத்தெருவில் ஐந்து கோட்டு நோட்டு கிடைக்காது. ஸ்கேல் வைத்து நானே கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.