மலை வழியில் இரு பைகள்

ஒரு மனிதரைத் தாம் அறிந்திருப்பதாகச் சாட்சி சொல்ல வந்தவரிடம் உமர் (ரலி) அவர்கள் மூன்று கேள்விகள் கேட்டதாகக் கிதாபுகளில் ஓதியிருக்கிறோம். நீர் அவருக்கு அண்டை வீட்டுக்காரரா? அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா? அவரோடு பயணம் போனதுண்டா? மூன்றுக்கும் இல்லை என்பது விடையானால், நீர் அவரை அறிந்தவர் அல்லர் என்பதே தீர்ப்பு. பயணத்துக்கு அரபியில் 'ஸஃபர்' என்று பெயர். அச்சொல்லின் வேரில் திரை விலக்குதல் என்னும் பொருள் உண்டு. மனிதரின் குணத்தை மூடியுள்ள திரையை விலக்குவதால் பயணம் அப்பெயர் பெற்றது என்று அறிஞர் உரைப்பர். முப்பது ஆண்டுகளாக இதனை மாணவர்க்குச் சொல்லிக் கொடுத்து வந்த நாம், நமது திரையே விலகிய கதையை இங்கே சொல்லத் துணிந்தோம்.

புத்தளம் நமது ஊர். 1344ஆம் ஆண்டில் மாலைத்தீவிலிருந்து கடல் வழியாக வந்த தஞ்சா நகரத்துப் பயணி இப்னு பதூதா கரையிறங்கிய 'பத்தாலா' இவ்வூரே என்பர். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அப்போது இங்கே தங்கியிருந்தார். வேண்டுவதைக் கேளும் என்ற அரசரிடம், ஆதம் (அலை) அவர்களின் பாதச் சுவட்டைக் காண்பதன்றி வேறு வேட்கை இல்லை என்றார் அந்தப் பயணி. அரசர் ஒரு பல்லக்கும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம் பரிவாரத்தார் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் கொடுத்து அனுப்பி வைத்தார்.

இந்தப் பகுதியை மத்ரஸாவில் ஒரே பாயில் அமர்ந்து நாமும் நம் நண்பரும் வாசித்தபோது இருவருக்கும் பதினாறு வயது. அவர் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தவர். "யாழ்ப்பாணத்து அரசர்தான் அவரை அனுப்பினார், மச்சான். உம்மை நான் கூட்டிக்கொண்டு போவன்" என்று அன்று சொன்னார். அந்தச் சொல்லை நிறைவேற்ற நாற்பது ஆண்டுகள் அளவு சென்றன. 2022ஆம் ஆண்டில் புறப்பட எண்ணியபோது நாடெங்கும் எரிபொருளுக்கு வரிசை நின்றது. பயணம் தள்ளிப் போயிற்று. 2023 பெப்ரவரியில், அவருடைய மகனின் பழைய மோட்டார் வண்டியில் ஒருவாறு கிளம்பினோம். நமக்குப் பல்லக்கும் இல்லை, சுமப்பவரும் இல்லை. இரண்டு மனிதர், இரண்டு பைகள், அவ்வளவே.

அந்தப் பைகளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். நமது பையைக் கட்ட மூன்று நாள் பிடித்தது. இரண்டு போர்வைகள், சுடுநீர்க் குடுவை, மருந்துப் பெட்டி, இரு சோடிச் செருப்புகள், மாற்று உடுப்புகள், போதாக்குறைக்கு இப்னு பதூதாவின் அரபு நூல். விடியலுக்கு முன் நண்பரின் வீட்டு வாசலில் போய் நின்றபோது, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஒரு துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வெளியே வந்துவிட்டார். அவர் மனைவி தேசிக்காய் நான்கும், புத்தளத்து உப்பு ஒரு பொட்டலமும், பேரீச்சம்பழமும் அதில் இட்டார். "எப்போது கட்டினீர்?" என்று கேட்டோம். "அது எப்போதும் கட்டித்தான் இருக்கும்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

சிலாபம், கொழும்பு, அவிசாவளை என்று பாதை நீண்டது. தென்னந்தோப்புகள் முடிந்து இறப்பர்த் தோட்டங்கள் தொடங்கின. குருவிட்டவில் பெருந்தெருவை விட்டு விலகி எரத்னவை அடைந்து வண்டியை அங்கே நிறுத்தினோம். நல்லதண்ணி வழியாக ஏறுவோர்க்குப் பாதை குறுகியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கட்டப்பட்டுள்ளன. பெருங்கூட்டம் அவ்வழியே செல்லும். எரத்ன வழியோ நீண்டது, காட்டுக்குள்ளே செல்வது. இப்னு பதூதா இம்மலைக்கு இரு வழிகள் சொல்கிறார்: ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி, அதாவது ஆதம், ஹவ்வா இருவர் பெயரால் அமைந்தவை. மாமா வழி எளிது. அதில் ஏறியவரை ஏறியவராகவே அக்காலத்தார் மதிக்கவில்லையாம். கடினமான வழியில் ஏறி எளிய வழியில் இறங்குவதே முறை. நாமும் கடினமானதையே தேர்ந்தோம். ஐம்பதைக் கடந்த முழங்கால்கள் அதற்குச் சம்மதித்தனவா என்பது வேறு கேள்வி.

மலையின் உயரம் 2,243 மீற்றர். அதைச் சூழ்ந்த காடு, 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட இலங்கை மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. உச்சியிலுள்ள சுவட்டைப் பௌத்தர் புத்தரின் பாதம் என்பர். சைவர் சிவனொளிபாதம் என்பர். கிறிஸ்தவருள் சிலர் தோமையரை நினைப்பர். நம்மவர் பாவா ஆதம் மலை என்பர். நாம் அங்கே சென்றது மார்க்கக் கடமையாக அன்று. கண்ணால் படித்த ஒரு பக்கத்தைக் காலாலும் படித்துவிட வேண்டும் என்னும் ஆசை, அவ்வளவுதான்.

ஈர இலைகளின் மேல் நடந்த முதல் மணி நேரத்திலேயே அட்டைகள் நம்மைக் கண்டுகொண்டன. இந்த மலையின் அட்டையை இப்னு பதூதா மறக்கவில்லை. நீரோரத்து மரத்திலும் புல்லிலும் இருந்து மனிதர் மேல் பாயும் என்றும், அதன் மேல் பிழிவதற்கென்றே மக்கள் எலுமிச்சையை ஆயத்தமாக வைத்திருப்பர் என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை நாம் மனப்பாடமாகச் சொன்னோம். தேசிக்காயை நண்பர்தாம் கொண்டு வந்திருந்தார். அறிவு நமது பையிலும் அதன் பயன் அவர் பையிலும் இருந்தன.

நண்பகலுக்குள் நம்மால் முடியவில்லை. பட்டை தோளை அறுத்தது. பத்து அடிக்கு ஒரு முறை நின்றோம். நண்பர் ஒன்றும் பேசாமல் நமது பையைத் திறந்து, போர்வை ஒன்றையும் குடுவையையும் நூலையும் எடுத்துத் தம் பையில் வைத்துக்கொண்டார். மேலிருந்து இறங்கி வந்த சிங்கள மூதாட்டி ஒருவர், கோலை ஊன்றி நின்று, "கருணாவை" என்று வாழ்த்தினார். இம்மலையில் எதிர்ப்படுவோர் ஒருவர்க்கொருவர் சொல்லும் அருட்சொல் அது. நமது நிலையைப் பார்த்துக் கித்துள் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கையில் வைத்துவிட்டுப் போனார். அதன் இனிப்பு நம்மை அடுத்த திருப்பம் வரை கொண்டு சேர்த்தது.

நடக்கையில் நண்பர் அந்த நூலிலுள்ள யானைக் கதையைச் சொன்னார். ஷீராஸ் நகரத்து இப்னு கஃபீஃப் என்னும் பெரியார், பக்கீர்கள் சிலரோடு இம்மலைக்கு வந்தபோது வழி தப்பிப் பசியால் வாடினர். தோழர்கள் ஒரு யானைக் குட்டியைப் பிடித்து உண்ண நாடினர். பெரியார் தடுத்தார், அவர்கள் கேளாது உண்டனர், அவர் உண்ணவில்லை. இரவில் யானைகள் வந்து உறங்கியோர் ஒவ்வொருவரையும் முகர்ந்து முகர்ந்து கொன்றன. பெரியாரை முகர்ந்த யானை மட்டும் அவரைத் துதிக்கையால் தூக்கி முதுகில் இருத்தி ஊரருகே கொண்டு விட்டது. "கூட்டத்தோடு சேர்ந்து தின்றாலும் வாசனை ஒவ்வொருவன் வாயிலும் தனித்தனியாகத்தான் இருக்கும்" என்று சொல்லி நண்பர் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வாயை முகர்ந்தால் என்ன தெரியும் என்பது நமக்குத் தெரியும்.

1990 ஒக்டோபரில் தாயாருக்குச் சுகமில்லை என்று நண்பர் யாழ்ப்பாணம் சென்றிருந்தார். அம்மாத இறுதியில் வடபுலத்து முஸ்லிம்கள் ஆயுதந் தரித்தோரால் வெளியேற்றப்பட்டனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரிழந்தனர். யாழ்ப்பாணத்தார்க்கு இரண்டு மணி நேரமே அவகாசம். நண்பரும் பெற்றோரும் தம்பி தங்கையருமாக ஏழு பேர், கையில் கிடைத்ததோடு நமது வீட்டு வாசலில் வந்து நின்றனர். வாப்பா ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். முதல் வாரம் ஊரே அவர்களுக்குச் சமைத்தது. இரண்டாம் வாரத்தில் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்தது. நமது திருமணம் நெருங்கியிருந்தது; அந்த அறை வேண்டியிருந்தது. வீட்டார் எல்லோரும் நினைத்ததை யார் சொல்வது என்ற நிலையில், நண்பன் என்பதால் நாமே சொன்னோம்: "அகதி முகாமில் இப்போது இடம் இருக்கிறதாம்." பதினேழாம் நாள் அது. "நாங்களும் அதைத்தான் யோசித்தம், மச்சான்" என்றார் அவர். மறுநாள் மழையில் ஏழு பேரும் கிடுகுக் குடிசைக்குப் போயினர். நமது நிக்காஹ்வுக்கு வந்து பந்தியில் நின்று பரிமாறினார். முப்பத்து மூன்று ஆண்டுகளில் இதுபற்றி ஒரு சொல்லும் நம்மிடையே எழவில்லை.

அன்றிரவு மலைப் பாதையோரத்து அம்பலம் ஒன்றில் தங்கினோம். குளிர் எலும்பில் ஏறியது. மஃரிபையும் இஷாவையும் சேர்த்து, இஷாவைச் சுருக்கித் தொழுதபின், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கேட்டோம். முகத்தைப் பார்த்துக் கேட்கும் துணிவு நமக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

"அந்தப் பதினேழாம் நாளை எனக்கு ஹலாலாக்கித் தருவீரா?"

நெடுநேரம் ஓடையின் ஓசை மட்டுமே கேட்டது.

"என்னுடைய பங்கை அன்று வாசலிலேயே தந்திட்டன், மச்சான். உம்முடைய இடத்தில் நான் இருந்தாலும் என்ன சொல்லியிருப்பனோ! ஆனால் உம்மா அந்தக் குடிசை ஒழுகும்போதெல்லாம் கேட்பா: 'தம்பியின்ட கூட்டாளி எங்களை ஏன் அனுப்பினவன்?' என்று. நான் ஏதேதோ சொல்லுவன். 2004இல் மௌத்தாகும் வரை அவ நம்பவில்லை. உம்மாவின் பங்கு என் கையில் இல்லை."

பிறகு அவராகவே அந்தப் பையைப் பற்றிச் சொன்னார். உறுதிப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள், ஒரு சாரம், ஒரு துவாய், சிறு கைவிளக்கு. வீடு கட்டிக் கூரை போட்ட பிறகும் அந்தப் பை ஆணியை விட்டு இறங்கியதில்லை. "இரண்டு மணி நேரத்தில் எதை எடுப்பது என்று உம்மா வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தா. கடைசியில் அம்மிக் குழவியைத் தூக்கினா. நான்தான் கீழே வைக்கச் சொன்னன். அதுக்குப் பிறகு எதை எடுப்பது என்று யோசிக்கிற வேலையே எனக்கு வேண்டாம் என்று வைத்தன்" என்றார். சற்று நேரத்தில் அவர் உறங்கிவிட்டார். நமக்கு உறக்கம் வரவில்லை.

அடியானின் உரிமையை அடியானே மன்னிக்க வேண்டும். உரியவர் இறந்துவிட்டால் அவருக்காகப் பிழைபொறுக்கத் தேடி, அவர் பெயரால் தர்மம் செய்து, இறைவனின் கிருபையை எதிர்பார்த்திருக்க வேண்டும். இந்த மஸ்அலாவை எத்தனை வகுப்புகளுக்கு ஓதிக் கொடுத்தோம் என்று கணக்கில்லை. அதில் 'உரியவர்' என்ற சொல்லுக்கு ஒரு முகம் உண்டு என்பது அன்றிரவுதான் தெரிந்தது.

பின்னிரவில் எழுந்து இறுதி ஏற்றத்தை ஏறினோம். இரத்தினபுரி பக்கத்திலிருந்து ஏறுவோர் மஹகிரிதம்ப என அழைக்கும் செங்குத்துப் பகுதி அது. இப்னு பதூதாவின் காலத்தில் அங்கே பத்துச் சங்கிலிகள் இருந்தன. பத்தாவதன் பெயர் ஷஹாதாச் சங்கிலி. அதை அடைந்தவர் கீழே பார்த்ததும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் கலிமாவை மொழிவதால் அப்பெயர். இன்று படிகளும் இரும்புக் கைப்பிடிகளும் உள்ளன. ஆயினும் ஓரிடத்தில் நாம் கீழே பார்த்தோம். நம் நாவும் கலிமாவைத்தான் தேடியது. பின்னால் வந்த நண்பரின் கை நமது பையின் அடியைத் தாங்கிக்கொண்டிருந்தது. உச்சி வரை அந்தக் கை விலகவில்லை.

மேலே சுபுஹைத் தொழுதோம். கிழக்கு வெளுத்தது. எத்தனையாவது முறை ஏறினரோ அத்தனை முறை மணியை ஒலித்தனர் பௌத்த யாத்திரிகர். சூரியன் எழுந்ததும் மேற்கே முகிலின் மேல் மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக விழுந்தது. "இப்னு பதூதா இதை எழுதினாரா?" என்று நண்பர் கேட்டார். எழுதியதாக நினைவில்லை என்றோம். "அப்படியானால் நீர் எழுதும்" என்றார்.

எளிய வழியாலேயே நல்லதண்ணிக்கு இறங்கினோம். பேருந்துகள் மாறி எரத்னவுக்கு வந்து வண்டியை எடுத்தோம். மறுநாள் அஸருக்குப் பின் புத்தளத்தை அடைந்தபோது உப்பளங்களில் வெயில் சாய்ந்திருந்தது. வண்டியை அவர் வீட்டுத் தெருவுக்குத் திருப்பினார். வேண்டாம், முதலில் மையவாடிக்குப் போவோம் என்றோம். அவர் ஏனென்று கேட்கவில்லை.

கப்றின் தலைமாட்டில் நின்று ஸலாம் சொன்னோம். நாற்பதாண்டு அரபும் தமிழும் படித்த நாவில் அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. நண்பர் தம் பையைத் திறந்து, மீதமிருந்த உப்புப் பொட்டலத்தையும் ஒரு தேசிக்காயையும் வெளியே எடுத்துவிட்டு, மற்றவற்றை ஒழுங்குபடுத்திக் கட்டினார். அது ஆணிக்குத் திரும்ப வேண்டுமல்லவா. நமது பையையும் அவர்தாம் தூக்கிக்கொண்டார். இம்முறை நாம் விடவில்லை. வாங்கி நாமே சுமந்தோம்.