பேசுவோம், சாப்பிடுவோம், தூங்குவோம்

கொஞ்ச நாளா ஸ்பானிஷ் கத்துக்கிட்டு வர்றேன் மக்களே. சிரிக்கப்படாது :)

ஒரகடம் சிப்காட் பக்கம் ஆலைக்கு சாஃப்ட்வேர் எழுதுற பொழப்பு. கூட வேலை செய்யுற டீம் மெக்சிகோவுல. நமக்கு சாயங்காலம் ஆறரைன்னா மெக்சிகோ சிட்டியில காலை ஏழு. அவங்க தூக்கக் கலக்கத்துல பேசுற ஸ்பானிஷ்ல எனக்கு முதல்ல தேவைப்பட்டது இறந்தகாலம். அதுல ரெண்டு வகை இருக்கு.

ஒண்ணு, நடந்து முடிஞ்சது. இன்னொண்ணு 'இம்பெர்ஃபெக்தோ'. குறையுள்ளதுன்னு அர்த்தம் இல்லை, முற்றுப்பெறாததுன்னு அர்த்தம். அப்போ நடந்துக்கிட்டு இருந்தது, வழக்கமா நடந்தது எல்லாம் இதுல வரும். எப்போ முடிஞ்சதுங்கிற பேச்சே கிடையாது.

அமைப்பு ரொம்ப சுலபம். அப்லார் (பேசு) மாதிரி 'ஆர்'ல முடியுற வினைன்னா, அந்த 'ஆர்'ஐ வெட்டிட்டு 'ஆபா' ஒட்டணும்: அப்லாபா. 'நாங்க'ன்னா அப்லாபாமோஸ். 'ஏர்', 'ஈர்'ல முடிஞ்சா 'ஈயா': கொமேர் (சாப்பிடு) கொமீயா ஆகும், 'நாங்க'ன்னா கொமீயாமோஸ். நானுக்கும் அவளுக்கும் ஒரே வடிவம்தான், யாருன்னு இடம் பார்த்துப் புரிஞ்சுக்கணும். இந்த விதிக்கு அடங்காத வினை மொத்த மொழியிலயும் மூணே மூணு.

வேலையில இந்த வித்தியாசம் காசு பெறும். லைன் 'பாரோ'ன்னா நின்னுடுச்சு. 'பாராபா'ன்னா அப்பப்போ நின்னு நின்னு போய்க்கிட்டு இருந்துச்சு. ரெண்டுக்கும் தேடவேண்டிய கோளாறு வேற வேற.

சரி, தமிழ்ல இது எங்கேன்னு யோசிச்சா, நம்மகிட்ட வேடிக்கையான ஏற்பாடு இருக்கு. 'பேசிக்கிட்டு இருந்தேன்' ஒரு பாதி. இன்னொரு பாதி 'பேசுவேன்'. பள்ளிக்கூடத்துல அதை எதிர்காலம்னுதான் சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா 'சின்ன வயசுல தினமும் ஏரியில குளிப்பேன்'னா அது எந்த எதிர்காலம்?

எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா இருக்காங்க. முன்னாடி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவுல லைன்ல இருந்தவங்க. 2006ல உற்பத்தி ஆரம்பிச்ச ஆலை அது, 2014 நவம்பர்ல நின்னது. சுத்துப்பட்டு மாவட்டங்கள்ல இருந்து ஆயிரக்கணக்கான பொண்ணுங்க முதல் சம்பளம் வாங்கின இடம். அக்கா சொல்வாங்க: "நைட் ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல ஏறினதும் தூங்கிடுவோம் தம்பி. சம்பளத்தன்னிக்கு ஒண்ணா சாப்பிடுவோம். வாயே மூட மாட்டோம். அப்புறம் மூடிட்டாங்க."

அதை அப்படியே பயிற்சி நோட்டுல எழுதிப் பார்த்தேன். தோர்மீயாமோஸ், கொமீயாமோஸ், அப்லாபாமோஸ். தூங்குவோம், சாப்பிடுவோம், பேசுவோம். ஒவ்வொண்ணும் இம்பெர்ஃபெக்தோ. கடைசி வரிக்கு மட்டும் அது ஒத்து வரலை. 'செர்ராரோன்', மூடினாங்க. நடந்து முடிஞ்ச வகை.

எட்டு வருஷ வாழ்க்கையை எதிர்காலத்தோட வடிவத்துல சொல்றாங்க. மூடினதுக்கு மட்டும்தான் இறந்தகாலம். அக்காவுக்கு இலக்கணம் தெரியாது, ஆனா எங்கே எதைப் போடணும்னு கச்சிதமாத் தெரியுது. அந்த பஸ் இன்னும் எங்கயோ ஓடிக்கிட்டிருக்கிற மாதிரிதான் எனக்குக் கேக்குது.

உங்க வீட்டுப் பெரியவங்க பழசைப் பேசும்போது கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. எது 'செய்வோம்', எது 'செஞ்சோம்'னு வந்து சொல்லுங்க.