வெற்றுத்தாளில் இட்ட கையொப்பம்

மாட்டை விற்றவன் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு அதனைப் புதியவனிடம் ஒப்படைத்துவிட்டால், அவ்விருவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் அத்துடன் முடிந்துவிடும். மோட்டார் வாகனம் அத்தகைய உடைமையன்று. வண்டி ஒருவர் வாசலில் நிற்க, அதன் பெயர் இன்னொருவர் தலைமேல் நிற்கக்கூடும். இவ்வுண்மையை நம் மக்களுட் பலர் இன்னும் உணரவில்லை என்பது கவலைக்குரியது.

கேகாலையிலிருந்து கரவனெல்லைக்குச் செல்லும் பாதையில் அமைந்தது புளத்கொகுபிட்டிய. தேயிலையும் இறப்பரும் சூழ்ந்த இவ்வூரில், மேற்கணக்கு லயங்களிலிருந்து கடைத்தெருவுக்கோ வைத்தியசாலைக்கோ செல்ல முச்சக்கர வண்டியே கைகொடுக்கிறது. தோட்ட வேலையை விட்டு விலகும் இளைஞர்க்கு அதுவே தொழிலுமாகும். அவர்கள் வாங்குவன பெரும்பாலும் பழைய வண்டிகளே. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வண்டிகளின் விலை மேலும் ஏறியது. தனியார் வாகனங்களை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் இறக்குமதி செய்ய முடிந்தது. விலை ஏறிய பொருளில் அவசரமும் ஏமாற்றும் சேர்ந்தே ஏறுதல் இயல்பன்றோ?

இங்கு வழங்கும் ஒரு முறைக்கு ‘ஓப்பன் பேப்பர்’ என்று பெயர். விற்பவர் உரிமை மாற்றப் படிவத்திற் கையொப்பம் மட்டும் இட்டு, வாங்குபவரின் பெயரும் திகதியும் எழுத வேண்டிய இடங்களை வெறுமையாக விட்டுக் கொடுப்பார். வாங்கியவர் தம் பெயரிற் பதியாமலே அடுத்தவருக்கு விற்பார். அவர் இன்னொருவருக்கு விற்பார். பதிவுக் கட்டணம் மிச்சம்; தரகருக்கும் வசதி. பதிவேட்டிலோ முதல்வரின் பெயரே அழியாது நிற்கும்.

நான் நன்கறிந்த முதியவர் ஒருவர், ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி. மகன் வெளிநாடு சென்றபின், தம் பெயரிலிருந்த முச்சக்கர வண்டியை இம்முறையில் விற்றார். மூன்றாண்டுகள் கழிந்தன. தூரத்து ஊரொன்றில் அவ்வண்டி ஒருவரை மோதிவிட்டு நில்லாது சென்றது. விசாரணை அவரது லயத்து வாசலுக்கு வந்தது. “வண்டிய வித்து மூணு வருசமாச்சுங்க ஐயா” என்பதைத் தவிர அவரிடம் வேறு விடையில்லை. வாங்கியவரின் முகவரியோ அடையாள அட்டை இலக்கமோ அவர் குறித்து வைத்திருக்கவில்லை. தரகரைத் தேடிப் பிடித்து வாக்குமூலம் பெறும்வரை, செய்யாத குற்றத்திற்கு அவர் பல நாள்கள் அலைந்தார்.

அவர் அலைந்ததைக் கண்டபோது, நம் முன்னோரின் ‘துண்டு’ என் நினைவுக்கு வந்தது. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவ்வாள்கள் விடுவிக்கப்படுவர் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. அதனைக் கொண்டே தொழிலாளர் கடனோடு தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டனர். 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பத்திரம் காட்ட இயலாத காரணத்தால் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பிறர் எழுதிய தாளினால் இத்துணை துன்புற்ற சமூகம், எழுதாத தாளிற் கையொப்பமிடத் துணிவது விந்தையே. படிக்க இயலாத தாளிற் கைநாட்டு வைத்துப் பழகிய நீண்ட பழக்கம் இதன் அடியில் உள்ளது என்றே கருதுகிறேன்.

சட்டம் கேட்பது மிகுதியன்று. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வண்டி கைமாறிய 14 நாள்களுக்குள் விற்றவர் அதனைத் திணைக்களத்திற்கு அறிவித்தல் வேண்டும். வாங்கியவர் தம் பெயரிற் பதியுமாறு விண்ணப்பித்தல் வேண்டும். முன்னதற்குரியது எம்.டி.ஏ. 6 படிவம், பின்னதற்குரியது எம்.டி.ஏ. 8. விற்பவர் முழுமையாக நிரப்பிய படிவத்திலேயே ஒப்பமிட்டு, அதன் பிரதியையும் வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதியையும் பேணுதல் நன்று. வண்டி ஒப்படைத்த நாளையும் நேரத்தையும் எழுதி, இருவரும் ஒப்பமிடுதல் அதனினும் நன்று.

வாங்குபவர் பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியிற் பொறித்தவற்றோடு ஒப்பிட வேண்டும். நிதி நிறுவனமொன்று முழுமையான உரிமையாளராகப் பதிவாகியிருப்பின் லீசிங் கடன் தீரவில்லை என்பது பொருள். அந்நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதமின்றிப் பணம் கொடுத்தால், வண்டியையும் பணத்தையும் ஒருங்கே இழக்க நேரும். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது, தம் பெயரிற் பதியாத வண்டியை ஓட்டியோர் சிலர் முன்னைய உரிமையாளரைத் தேடித் திரிய வேண்டியதாயிற்று. பதிவுக் கட்டணத்தில் மிச்சம் பிடித்ததாக எண்ணியவர்க்கு, மிச்சம் எது, செலவு எது என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

விடுமுறைக்குத் தோட்டம் திரும்பும் மாணவர் செய்யத்தக்க சிறுதொண்டு ஒன்று உண்டு. அயலார் வண்டி விற்கும்போது உடனிருந்து, படிவத்தை அவர்க்குத் தமிழிற் படித்துக் காட்டி, வெற்றிடம் எதுவும் விடாது நிரப்பச் செய்யலாம். அதற்கு ஒரு மணி நேரம் போதும்.